நான் வாய்விட்டுச் சொல்லாத விலை

தம்பி,

திங்கட்கிழமை காலையில் நீ போனில் அனுப்பிய நோட்டீஸைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவையும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவையும் பார்த்தேன். இடது பக்கம் உன் படம். வலது பக்கம் என் படம், மேயர் அங்கியும் சங்கிலியுமாக. அந்த அங்கிக்குள் நான் எப்படி வியர்த்துக்கொண்டிருந்தேன் என்பது படத்தில் தெரியவில்லை, நல்ல வேளை. நடுவில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'விலையை வாய்விட்டுச் சொன்ன தாயின் மகன் வாக்குக் கேட்டு வருகிறேன்.' ஓகேவா என்று கீழே கேட்டிருந்தாய். நீல டிக் விழுந்த பத்து நிமிஷத்தில், "பாத்துட்டு ஏம்மா பேசாம இருக்க? பிரஸ்ஸுல வெயிட் பண்றாங்க" என்று இன்னொன்று வந்தது. வெள்ளிக்கிழமை வரை அச்சுக்குக் கொடுக்காதே என்று மட்டும் பதில் போட்டேன். அதற்கு நீ அனுப்பிய மஞ்சள் மூஞ்சி எனக்குப் புரியவில்லை. உன் பெண்டாட்டி நித்யாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கோவமா இருக்காருன்னு அர்த்தம் அத்தை" என்றாள்.

கோபப்படு. இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டே கோபப்படு, ஏனென்றால் இனிமேல்தான் விஷயத்துக்கு வரப்போகிறேன். அந்த வரி முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியை மூன்று வருஷமாக உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதைச் சொன்னால் இந்தத் தேர்தலில் உனக்கு ஓட்டுக் குறையலாம். அதைவிட, நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறலாம். ஓட்டைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. ஒரு தேர்தல் போனால் இன்னொன்று வரும். இரண்டாவதை நினைத்துத்தான் மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை, எல்லோருக்கும் தெரியும்படி எழுதுகிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முக்கால்வாசியை முதலில் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ மேடையில் சொல்வது போல அது அத்தனை வீரமான கதை இல்லை. டவுனில் கடைத்தெருவுக்குப் பின்னால் உன் அப்பாவுக்கு வற்றல் மிளகாய், மல்லி, பருப்பு மண்டி. அவருக்குப் பக்கவாதம் வந்தபோது நீ நாலாம் வகுப்பு. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. எங்கள் வியாபாரத்தில் வலது கை போனால் எல்லாமே போனது மாதிரி. ஏனென்றால் அங்கே விலை பேசுவது வாயால் இல்லை, கையால். மூட்டை வந்து இறங்கும். வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள். தரகர் தோளில் இருக்கிற துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வருவார். துண்டுக்குள் நம் விரலை அவர் பிடிப்பார், அவர் விரலை நாம் பிடிப்போம். எத்தனை விரல், எப்படி அழுத்தினோம் என்பதுதான் விலை. முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. பக்கத்தில் நிற்பவன் என்ன கேட்டான் என்று நமக்குத் தெரியாது; நாம் கேட்டது அவனுக்குத் தெரியாது. தோற்றவனுக்கு அவமானம் இல்லை, ஜெயித்தவனுக்குப் பொறாமை இல்லை. அதுதான் அந்தத் துண்டின் நியாயம். அதைக் கேவலமாக நான் சொல்லவே மாட்டேன், அதில் எத்தனையோ யோக்கியமான கைகள் இருந்தன.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறி முதல் நாள் மண்டிக்குப் போனேன். எங்கள் தரகர் யூசுப் ராவுத்தர், உன் அப்பாவோடு இருபது வருஷம் பழகியவர், துண்டைப் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தார். என் முன்னால் வந்ததும் அவர் கை தானாகப் பின்னால் போய்விட்டது. இன்னொருவர் வீட்டுப் பெண்ணின் விரலை எப்படிப் பிடிப்பது? சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராவுத்தர் சிரிக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு, நாளையிலிருந்து ஒரு ஆளை அனுப்புங்க தங்கச்சிம்மா, இந்த வேலை உங்களுக்கு எதுக்கு என்றார். அனுப்ப ஆள் இருந்தால் நான் ஏன் அங்கே நிற்கிறேன்? எனக்கு அழுகை வரும் போலிருந்தது. அழுகை வருகிற நேரத்தில் எனக்குக் கோபம் வந்துவிடும், அது உனக்கே தெரியும்.

"வாயிருக்கு பாய். வாயால சொல்றேன்" என்று சொல்லி, மிளகாய்க்கு என் விலையை மண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அதில் வீரமும் இல்லை, கொள்கையும் இல்லை. வேறு வழி இல்லை, அவ்வளவுதான். நீ கூட்டத்தில் பேசும்போது, அந்தக் காலத்திலேயே வெளிப்படைத்தன்மையை என்று ஆரம்பிக்கிறாயே, அப்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். முதல் மூன்று வாரம் எனக்கு ஒரு மூட்டை கிடைக்கவில்லை. என் விலை எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே, அதற்குமேல் ஒரு ரூபாய் வைத்துக் கையைக் கொடுத்துச் சரக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாலாவது வாரம் துறையூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் ராவுத்தரிடம், அந்தம்மா சொன்ன விலைக்குக் கீழே எவன் கை கொடுத்தாலும் எங்கிட்ட கொண்டு வராதீங்க என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கதை மாறியது. சரக்கை இறக்கினதும் முதலில் என்னிடம் வந்து, ஒரு விலை சொல்லுங்கம்மா என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் சொன்னதை வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் போனார்கள். நல்ல சரக்கும் கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் திரும்பியது. உன் அப்பாவிடம் இதைச் சொன்ன அன்று அவர் இடது கையால் கட்டிலைத் தட்டிக்கொண்டே இருந்தார். கோபமோ என்று பயந்து தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் மனுஷர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் போன பிறகும் மண்டியை விடவில்லை. எதையும் வாயால் சொல்லிவிடுவது பழக்கமாகிவிட்டது. உன் கல்யாணப் பேச்சின்போது நித்யாவின் அப்பாவிடம், எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், ஆனால் பையன் எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டான், கோபம் வந்தால் இரண்டு நாள் சாப்பிட மாட்டான், இப்போதே தெரிந்துகொள்ளுங்கள் என்று சொன்னேன். மனுஷர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் இந்தப் பெண்ணே போதும் என்று முடிவு பண்ணினேன். நீ என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

போன தேர்தலில், இந்தத் தடவை மாதிரி பொதுவாக இல்லாமல், நம் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது வியாபாரிகள் வீட்டுக்கு வந்து நிற்கச் சொன்னார்கள். இந்தம்மாவை நிறுத்தினால் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. அதே கணக்கில்தான் கட்சியும் என்னை மேயராக்கியது. பொறுப்பேற்ற முதல் மாதம் நான் அவர்களைக் கொஞ்சம் ஏமாற்றினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஃபைல் வந்தால் நான் முதல் பக்கத்தைப் படிப்பதில்லை. மூட்டையில் மேலாக இருக்கிற சரக்கு எப்போதும் நல்ல சரக்குதான். குத்தூசியை நடு மூட்டையில் குத்தி இழுத்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அதே மாதிரி ஃபைலை நடுவில் திறப்பேன். நாளைக்கு நீ கவுன்சிலரானால் இந்த ஒன்றை மட்டும் என்னிடமிருந்து தாராளமாக எடுத்துக்கொள். நடுப்பக்கத்தைக் கேட்டால் அதிகாரி தண்ணீர் குடிக்கிறாரா, குடிக்கவில்லையா என்று பார்.

இனி அந்தக் கால்வாசி.

நம் வீட்டுக்குக் கிட்டே, பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் சுவர் ஓரமாக முப்பத்தோரு பெண்கள் காய், பூ, வாழையிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். அந்த வரிசையில் முதல் ஆள் லூர்துமேரி. வாழைத்தண்டு, வாழைப்பூ, எலுமிச்சம்பழம். அவர்களை அங்கிருந்து எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது நான் அந்தச் சுவர் ஓரத்துக்கே போனேன். எல்லோரையும் நிற்க வைத்து, பக்கத்திலேயே ஷெட் கட்டிக் கொடுக்காமல் உங்களில் ஒருத்தியைக்கூட எழுப்ப விடமாட்டேன், இது என் வாக்கு என்று சொன்னேன். மண்டிக் குரலில்தான் சொன்னேன். லூர்துமேரி தலையில் இருந்த கூடையைக்கூட இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

அந்தச் சமயத்தில் என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது இன்னொரு விஷயம். பொன்மலைப் பக்கம் பள்ளத்தில் இருக்கிற தெருக்களில் மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் அடுப்படி வரை வரும். ஒரு வீட்டில் குழந்தையைத் தொட்டிலோடு உத்தரத்தில் ஏற்றிக் கட்டியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அங்கே பாதாளச் சாக்கடை போட்டே ஆக வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். என் கட்சிக்காரர்களே சிலர் தங்கள் வார்டுக்கு முதலில் வேண்டும் என்று முறுக்கிக்கொண்டார்கள். எண்ணிப் பார்த்தால் ஐந்து ஓட்டுக் குறைகிறது.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் எதிர் அணிக் கவுன்சிலர் ஒருவர் என் அறைக்கு வந்தார். அவர் பெயர் வேண்டாம். நான் செய்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், அவர் செய்ததை அவர் சொல்லிக்கொள்ளட்டும். அவரும் பழைய வெல்ல மண்டிக்காரர். அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர்கள் ஐந்து பேர். அந்தச் சந்தில் அவருடைய சொந்தக்காரர் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்; வண்டி நிறுத்த இடம் இல்லை. எதிரே இருக்கிற சுவர் ஓரம் காலியானால் நன்றாக இருக்கும். வெளியே ஆட்கள் உட்கார்ந்திருந்ததால் அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார். நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போது அவர் சிரித்துக்கொண்டே தோளில் இருந்த துண்டை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"மண்டியில உங்களுக்கு யாரும் துண்டு போடல. நான் போடறேன்க்கா. அக்கா தம்பிக்குள்ள என்ன இருக்கு?" என்றார்.

தம்பி, நான் கையை உள்ளே விட்டேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. இருபது வருஷமாக எனக்குக் கிடைக்காத ஒரு மரியாதை அன்று கிடைத்த மாதிரி எனக்குள்ளே ஒரு பெருமைகூட வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். அது ஐந்து ஓட்டு. நான் ஒரு தடவை அழுத்தினேன். அது சரி என்று அர்த்தம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் தீர்மானம் நிறைவேறியது, மேஜையைத் தட்டினார்கள், நான் எழுந்து கும்பிட்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள். துண்டுக்குள் பிடித்த கையை மண்டியில் யாரும் திரும்ப வாங்குவதில்லை. சாட்சி இல்லாத பேச்சு என்பதால் அதை மீறவே கூடாது. நஷ்டம் என்று தெரிந்தாலும் வாயைத் திறக்காமல் சரக்கை எடுத்துக்கொண்டு போக வேண்டும். நான் செய்த தப்பு ஒரு வியாபாரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. சுவர் ஓரத்தில் முப்பத்தோரு பேர் முன்னால் வாயால் கொடுத்த வாக்கு ஒன்று. துண்டுக்குள் ஒரு ஆளிடம் விரலால் கொடுத்த வாக்கு ஒன்று. எதை மீறலாம் என்று யோசித்தபோது, இரண்டாவதை மீறினால் மண்டி என்ன சொல்லும் என்றுதான் என் புத்தி போயிற்று. முதலாவதை மீறினால் லூர்துமேரி என்ன செய்வாள் என்று போகவில்லை. மேயர் நாற்காலியில் உட்கார்ந்தும் நான் மண்டிக்காரியாகவே இருந்தேன்.

இரண்டு வாரத்தில், காலை ஆறு மணிக்குச் சுவர் ஓரத்துக்கு மாநகராட்சி லாரி வந்தது. நீ அன்று லீவில் ஊருக்கு வந்திருந்தாய். சத்தம் கேட்டு, எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருக்காத நீ, பனியனோடு ஓடினாய். லாரியில் தூக்கிப் போட்டிருந்த தராசுகளையும் கூடைகளையும் ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தாய் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். போலீஸ்காரர் ஒருவர், மேயரம்மா மகன் என்று தெரியாமல் உன்னைப் பிடித்துத் தள்ளினாராம். நீ யார் மகன் என்று சொல்லவே இல்லையாம். நான் வீட்டில் இருந்தேன். பூஜை அறையில் விளக்கு ஏற்றிவிட்டு, அணைந்து போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நீ திரும்பி வந்தபோது உன் கையெல்லாம் வாழைக்கறை. வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டாய்.

"உனக்குத் தெரியாம எப்படிம்மா இது நடந்துச்சு?"

அந்தக் கேள்வியை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். உனக்குத் தெரியுமா என்று நீ கேட்டிருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ கேட்டதிலேயே எனக்குத் தெரியாது என்று இருந்தது. நீயே கதவைத் திறந்து வைத்தாய், நான் நுழைந்துகொண்டேன். "அதிகாரிங்க பண்ற வேலைடா. எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றேன். நீ நம்பினாய். நம்பியது மட்டும் இல்லை, அப்படியே திரும்பிப் போய் அந்தப் பெண்களிடம், எங்கம்மாவுக்குத் தெரியாம நடந்துபோச்சு என்று சொன்னாய். அவர்கள் நான் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். தராசை இறக்கிக் கொடுத்த பையன் சொன்னதால் நம்பினார்கள். என் பொய்யை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது உன் நல்ல மனசு. அதற்குத்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கு அவர்களிடம் கேட்க வேண்டும்.

ஷெட் கட்டினார்கள், கொள்ளிடக் கரைப் பக்கம், பஸ் நிற்காத இடத்தில். அங்கே ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. பாதிப் பேர் வியாபாரத்தையே விட்டார்கள். லூர்துமேரி இரண்டு வருஷம் மன்னார்புரத்தில் வீட்டு வேலைக்குப் போனாள், இரண்டு பஸ் மாறி. பொன்மலைப் பக்கம் போன மழைக்கு ஒரு வீட்டிலும் தண்ணீர் வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும், அந்தச் சாக்கடைக்காக நான் வருத்தப்பட முடியாது. ஆனால் அதைச் சொல்லி இதைச் சரிக்கட்டிக்கொள்ளவும் முடியாது. மன்றத்தில் எழுந்து நின்று, தொட்டிலை உத்தரத்தில் கட்டியிருக்கிறார்கள், ஐந்து பேர் ஓட்டுப் போடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் அந்த ஐந்து பேர் வந்திருப்பார்களா? வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். நான் கேட்கவே இல்லை. அதனால் அது எனக்குத் தெரியப் போவதே இல்லை.

உன் நோட்டீஸைப் பார்த்த பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை காலை லூர்துமேரியைத் தேடிப் போனேன். இப்போது அவள் தன் வீட்டுத் தெருமுனையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கை விரித்து உட்காருகிறாள். வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள், வில்லை வில்லையாக நறுக்கி, வருகிற நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போனாள். நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு என்றால் என்ன என்பதிலிருந்து சொன்னேன். நடுவில் அவள் நிமிரவே இல்லை. விரலில் நார் தடித்துக்கொண்டே போயிற்று.

"எத்தனை விரலு?" என்று கேட்டாள்.

ஐந்து என்றேன். நாங்க முப்பத்தோரு பேரு என்றாள். குரலை உயர்த்தவில்லை. மகனுக்கு ஓட்டுக் கேக்கவா இதைச் சொல்ல வந்தீங்க என்றாள். இதைச் சொன்னால் அவனுக்கு ஓட்டுக் குறையும், தெரிந்துதான் வந்தேன் என்றேன். அவள் விரலில் இருந்த நாரை உருவிக் கீழே போட்டுவிட்டு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"வாக்குக் குடுக்கறப்ப எங்க எல்லாரையும் நிக்க வெச்சு ஊருக்கே கேக்கற மாதிரிச் சொன்னீங்க மேயரம்மா. இப்ப எங்கிட்ட மட்டும் வந்து குந்திக்கிட்டுக் காதோட காதா சொல்றீங்க. இதுவும் துண்டு போட்டுப் பேசறதுதானே?"

கிளம்பும்போது என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வாழைத்தண்டு கேட்டேன். இன்னிக்கு உங்களுக்கு விக்கறதுக்கு இல்ல என்றாள். எதிரே ஆறு தண்டு கிடந்தது. மண்டியில் அத்தனை பேர் சிரித்தபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தேன்.

அதனால்தான் இந்தக் கடிதம் பகிரங்கமாக இருக்கிறது. இதை உனக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டு, இரண்டு பேரும் உட்கார்ந்து, எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று பேசி முடித்தால், அதுவும் துண்டுதான். ஆகவே அனுப்பப் போவதில்லை. இன்று வியாழக்கிழமை. சாயங்காலம் உனக்கு ஒரே ஒரு செய்தி போடுவேன்: காலை ஏழு மணிக்குப் பழைய சுவர் ஓரத்துக்கு வா. லூர்துமேரியிடம் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன். தெரிந்தவர்களையெல்லாம் கூட்டி வருவதாகச் சொன்னாளாம். முப்பத்தோரு பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை. அவர்களுடைய பெண்கள் வருவார்கள் என்று நினைக்கிறேன். மண்டபத்து வண்டிகள் எட்டு மணிக்குத்தான் வரும், அதற்குள் படித்து முடித்துவிடலாம். மைக் வேண்டுமா என்று யாரோ கேட்டார்களாம். மண்டியில் எனக்கு மைக் இருந்ததில்லை.

ஆக, நீ இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில் மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் மகன் என்பதற்காக உனக்கு ஒரு நிமிஷம்கூட முன்னால் தெரியவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்துப் பட்டுக்கொள். வேட்புமனுவை வாபஸ் வாங்க வேண்டாம்; என் தப்புக்கு நீ ஏன் விலக வேண்டும்? நோட்டீஸ் ஓகேவா என்று கேட்டாய். ஓகே இல்லை. அந்த வரியை எடுத்துவிடு. என் படத்தை வைப்பதும் எடுப்பதும் உன் இஷ்டம், எடுத்தால் நான் வருத்தப்படுவேன், ஆனால் கேட்க மாட்டேன். உனக்கென்று ஒரு வரி வேண்டுமானால் அதை நீயே சம்பாதித்துக்கொள். எனக்குத் தெரிந்து ஒரு நாள் காலையில் பனியனோடு நீ அதைச் சம்பாதித்தும்விட்டாய்.

படித்து முடித்ததும் நான் இந்தத் தாளிலிருந்து நிமிர்ந்து பார்ப்பேன். முதலில் இந்தப் பெண்களைத்தான் பார்ப்பேன், மூன்று வருஷமாகப் பார்க்காமல் விட்ட முகங்களை. இவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன், திட்டினாலும் சரி. அதற்கப்புறம்தான் உன்னைத் தேடுவேன். நீ பாதியிலேயே போயிருந்தால் புரிந்துகொள்வேன். போகாமல் நின்றுகொண்டிருந்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வயசானவள், தனியாக நிற்கிறாளே என்று என் பக்கத்தில் வந்து நிற்காதே. அன்று லாரியிலிருந்து தராசுகளை இறக்கிக்கொண்டு இவர்களோடு நின்றாயே, அங்கேயே நில்.

அம்மா